ஆயிரம் பேரின் பாதுகாப்பு ஒரே புட்டியில்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, டோபி எக்ஸ்சேஞ்ச் கடைகளின் பக்கம் நடந்திருக்கிறீர்களா? அங்கே ஒரு ரத்த வங்கி இருக்கிறது. அதில் ரத்தம் கொடுப்பவர் சிவப்பணுக்களை மட்டும் கொடுப்பதில்லை. ரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு, பிளாஸ்மா என்னும் இளமஞ்சள் திரவம். அவருக்கு முன்பு வந்த நோய்களுக்கும் போட்ட தடுப்பூசிகளுக்கும் பதிலாக உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகள் அதில் இருக்கின்றன.

அந்த ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் திறனே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் 1952இல் அப்படிப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு வயது 8. கடுமையான கிருமித்தொற்று அவனைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. தடுப்பூசியும் பலன் தரவில்லை. ரத்தப் புரதங்களை மின்புலத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் பகுதியே காணோம்! பிறருடைய ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினைப் புரூட்டன் மாதந்தோறும் அவன் தோலுக்கடியில் செலுத்தினார். சிறுவன் தேறினான்.

தடுப்பூசி ஏன் தோற்றது? தடுப்பூசி என்பது உடலுக்குத் தரும் பயிற்சி. பயிற்சி பெற்று ஆன்டிபாடி தயாரிக்க வேண்டிய பி அணுக்கள் இந்நோயாளிகளிடம் முதிர்வதில்லை. இதற்குக் காரணமான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே இந்நோய் வருகிறது. பிறந்த சில மாதங்கள் தாயின் ஆன்டிபாடிகள் குழந்தையைக் காக்கும். அவை தீர்ந்ததும் தொல்லை தொடங்கும்.

இன்று இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாகவோ தோலுக்கடியிலோ ஏற்றுகிறார்கள். ஆனால் செலுத்திய ஆன்டிபாடிகளில் பாதி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் அழிந்துவிடும். அதனால் நரம்பு வழியாகப் பெறுபவர் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ எடைக்கு 0.4 கிராம் என்றால், 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு ஒரு தடவைக்கு 20 கிராம் தேவை. ஒரு பை ரத்தத்தின் பிளாஸ்மாவில் இருப்பதோ சுமார் 2 கிராம்தான். துளியும் வீணாகாவிட்டாலும் 10 பேரின் ரத்தம் வேண்டும்.

10 பேர் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொருவரும் சந்தித்த கிருமிகள் வேறு வேறு. ஆகவே ஆயிரம் பேருக்குக் குறையாதவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, கிருமிகளை அழித்துத் தூய்மைப்படுத்தி இம்மருந்தைத் தயாரிக்கிறார்கள். இத்தனை வகை ஆன்டிபாடிகளின் கலவையைச் செயற்கையாக உருவாக்குவது எளிதல்ல. மனிதர்கள் கொடுத்தால்தான் உண்டு.

சிங்கப்பூரில் 16 வயதிலேயே பெற்றோர் சம்மதத்துடன் ரத்த தானம் செய்யலாம். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். உங்களுக்கு நேற்று வந்து இன்று மறந்துபோன சளியை வென்ற ஆன்டிபாடிகள், வேறொருவரால் தயாரிக்கவே முடியாதவை. அடுத்த முறை டோபி காட்டில் இறங்கும்போது அதை நினைத்துப் பாருங்கள்.