நொடி பிறக்கும் மேசை

முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளின் மேல் ரவை சிந்தியதுபோல் கிடக்கிறதே, அவை ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம். காற்றில் ஒன்று பறந்தால் திரும்பக் கிடைக்காது! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே வாருங்கள். இன்று இந்த மேசையில் ஒரு கைக்கடிகாரம் உயிர்பெறப் போகிறது. கடையில் வாங்கிய கடிகாரம் இல்லை, வீட்டிலேயே செய்தது. பின்மூடியைத் திருகி மூடிவிட்டால் உள்ளே நடக்கும் அதிசயம் எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் மூடுவதற்கு முன்பே உங்களைக் கூப்பிட்டேன்.

கைக்கு அடங்கும் இந்த வட்டப் பலகைதான் பிசிபி. ஓரத்தில் கடிகார முகம்போல் பன்னிரண்டு சிவப்பு எல்.இ.டி.கள். நடுவில் 7 மில்லிமீட்டர் சதுரமாக, 32 கால்களோடு உட்காரப்போவது ஏடிமெகா 328பி. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆர்டுயினோ ஊனோ பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருப்பதும் இந்தச் சிப்தான். பின்பக்கம் சிஆர்2032 பட்டன் செல், பக்கவாட்டில் ஒரே ஒரு பொத்தான். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. கூடு மட்டும் தச்சரிடம் மிச்சமிருந்த தேக்குத் துண்டைக் குடைந்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிச் செய்தது. மோந்து பாருங்கள், என்ன வாசனை!

அரிசி மணிக்குள் ஓர் இசைக்கவை

இப்போது இந்தக் குட்டி வெள்ளிக் குழலைப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் தடிமன், 6 மில்லிமீட்டர் நீளம். ஓர் அரிசி மணி அளவு. விலை ஒரு டீக்குள் அடங்கிவிடும். கடிகாரத்தின் உயிர் இதற்குள்தான் இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய இந்தக் குழலுக்குள் குவார்ட்ஸ் கல்லில் செதுக்கிய ஓர் இசைக்கவை நிற்கிறது. இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைப்போமே, அந்த வடிவமேதான்! குவார்ட்ஸை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று 1880இல் ஜாக் கியூரியும் தம்பி பியர் கியூரியும் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அந்தக் கல் வளையும் என்பது அடுத்த ஆண்டு உறுதியானது. ஆகவே, சிப் ஒரு சிறு மின்தட்டு தட்டுகிறது, கல் அதிர்கிறது, அதிர்வு மின்சாரமாகத் திரும்புகிறது, சிப் மறுபடி தட்டுகிறது. நொடிக்கு 32,768 முறை! நம் காது எட்டக்கூடிய சுருதிகளுக்கெல்லாம் மேலே அது பாடிக்கொண்டே இருக்கிறது.

அதென்ன 32,768? முழுசாக 30,000 என்று வைத்திருக்கலாமே? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். பாதியாக்கிக்கொண்டே வாருங்கள்: 16,384, 8,192, 4,096, 2,048, 1,024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பதினைந்தே படிகளில் ஒரு நொடி பிறந்துவிட்டது! 30,000 என்றால் நாலாவது படியில் 1,875 என்ற ஒற்றைப்படை எண்ணில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு துடிப்பு வந்தால் ஒன்றை மட்டும் அனுப்புவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. அப்படிப் பதினைந்து சுற்றுகளை வரிசையாகக் கோத்தால் போதும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று திண்ணைப் பள்ளியில் பாதி பாதியாக இறங்கி வந்த கணக்கும் இதுதான். 32,768இல் ஒரு மாகாணி 2,048. நம் தாத்தாக்கள் நாலாவது படி வரை கூடவே வந்துவிட்டார்கள்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ விற்பனைக்கு வைத்த அஸ்ட்ரான்தான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். அதன் கல் துடித்தது 8,192 முறை, அதாவது பதின்மூன்று படிகள். விலை 4,50,000 யென். அதைவிட நாலு மடங்கு வேகமாகத் துடிக்கும் கல்லை இதோ ட்வீசரில் பிடித்திருக்கிறேன்!

ஒரே இழுப்பு

சால்டரிங் அயன் சூடாகிவிட்டது. இந்த ஈயக்கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். சிப்பின் கால்களில் பிளக்ஸ் தடவியாயிற்று. நுனியில் ஒரு துளி ஈயம் எடுத்து, எட்டுக் கால்களின் மேலும் ஒரே இழுப்பு... பார்த்தீர்களா! ஈயம் தானே பிரிந்து காலுக்குக் கால் ஒட்டிக்கொண்டது. கால்களுக்கு நடுவிலுள்ள பச்சைப் பூச்சின் மேல் அது நிற்காது. தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுவதுபோல் ஓடிவிடும். இன்னும் மூன்று பக்கம். பேசாமல் இருங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

முடிந்தது! இனி என் செல்ல வித்தை. பன்னிரண்டு எல்.இ.டி.களை ஏற்ற எத்தனை கம்பி வேண்டும்? நாலே நாலு! எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். அதனால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இரண்டு விளக்குகளை எதிரெதிராக மாட்டலாம். மின்சாரம் இப்படிப் போனால் ஒன்று எரியும், அப்படிப் போனால் மற்றொன்று. நாலு கம்பிகளில் ஆறு சோடி, சோடிக்கு இரண்டு விளக்கு, ஆகப் பன்னிரண்டு. இதற்குச் சார்லிபிளெக்சிங் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும். மணி விளக்கையும் நிமிட விளக்கையும் மாற்றி மாற்றி வேகமாக ஏற்றினால் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே எரிவதாகத் தெரியும். சிவப்பையே எடுத்ததற்கும் காரணம் உண்டு. சிவப்புக்கு 2 வோல்ட்டே போதும். நீலத்துக்குச் சுமார் 3 வேண்டும்; பட்டன் செல்லிடம் இருப்பதே 3 வோல்ட்தான்.

தூங்கும் கடிகாரம்

இப்போது பரம ரகசியம்: இந்தக் கடிகாரம் நாள் முழுக்கத் தூங்குகிறது! அந்தக் குவார்ட்ஸ் கிரிஸ்டலும் அதன் துடிப்பை எண்ணும் சிப்பின் ஒரு மூலையும் மட்டும் விழித்திருக்கும். 32,768 நிறைந்ததும் சிப்பை எழுப்பும். சிப் ஒரு நொடியைக் கூட்டிவிட்டு அந்தக் கணமே மறுபடி தூங்கிவிடும். தூக்கத்தில் அதற்கு வேண்டியது ஏறக்குறைய 2 மைக்ரோஆம்பியர். விளக்கு எரியும்போதோ 6 மில்லிஆம்பியர், மூவாயிரம் மடங்கு! செல்லில் இருப்பது சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. விளக்கை எரியவிட்டே வைத்தால் ஒன்றரை நாளில் காலி. பொத்தானை அழுத்தும்போது மட்டும் நாலு நொடி எரிந்தால், தினம் இருபது முறை பார்த்தாலும் கணக்குப்படி மூன்று ஆண்டுக்கு மேல் ஓடும். 1972இல் ஹாமில்டன் நிறுவனம் 2,100 டாலருக்கு விற்ற தங்கக் கூட்டுப் பல்சர் எல்.இ.டி. கைக்கடிகாரத்திலும் பொத்தானை அழுத்தினால்தான் நேரம் தெரிந்தது. அதே சிவப்பு ஒளி, அதே சிக்கனம்!

சரியாக ஓடுமா என்றுதானே கேட்கிறீர்கள்? இதே சிப், இதே கிரிஸ்டல் இரண்டையும் முதலில், சால்டர் செய்யாமல் சுற்றைச் சோதிக்கும் பிரெட்போர்டில் ஒரு வாரம் ஓடவிட்டேன். 9 நொடி பின்தங்கியது. ஒரு வாரத்துக்கு 6,04,800 நொடி. ஒன்பதால் வகுத்தால் 67,200. ஆக, 67,200 நொடிக்கு ஒருமுறை ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒற்றை வரிக்குப் பின் அடுத்த வாரம் கைபேசி நேரத்தோடு அப்படியே ஒத்துப்போனது! இந்தக் கல்லுக்கு 25 டிகிரிதான் பிடித்த வெப்பம். குளிர்ந்தாலும் மெதுவாகும், சூடேறினாலும் மெதுவாகும். மொட்டை மாடி வெயிலில் 45 டிகிரிக்குப் போனால் நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்கும். மணிக்கட்டில் இருந்தாலோ உடம்புச் சூட்டில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். கட்டிக்கொள்ளக் கட்டிக்கொள்ள ஒழுங்காக ஓடும் கடிகாரம்!

கடைசியாக, நானே செய்ததற்கான காரணம். பொத்தானை அழுத்தியபடியே ஐந்து நொடி வைத்தால் இது நாழிகைக் கடிகாரமாகிவிடும். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அறுபதைப் பன்னிரண்டு விளக்குகளுக்குப் பங்கிட்டால் விளக்குக்கு ஐந்து. சூரியன் உதித்துப் பதினேழு நாழிகை ஆனால் பதினைந்துக்கான விளக்கு எரிந்து, பிறகு இரண்டு முறை சிமிட்டும். இப்படியொரு கடிகாரம் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நாழிகை வட்டிலில் தண்ணீரை வைத்துப் பொழுது அளந்தார்களே, அந்தக் கணக்கு இப்போது ஒரு கல்லின் துடிப்பில் ஓடப்போகிறது.

செல்லைப் போடுகிறேன். அழுத்துங்கள், நீங்களே அழுத்துங்கள்... எரிகிறது! ஏழு மணி, இருபது நிமிடம்!

திருகாணியை இப்படிக் கொடுங்கள், மூடிவிடுகிறேன். நாழிகைக் கணக்கை மட்டும் இங்கிருந்து தொடங்க முடியாது. அது உதயத்திலிருந்து எண்ண வேண்டியது. விடிவதற்கு முன்பே மொட்டை மாடிக்கு வந்துவிடுங்கள். கிழக்கே முதல் கீற்று தெரிந்ததும் பொத்தானை அழுத்துவோம்.