விமான டயரும் தள்ளுவண்டி டயரும்

4.00-6. அகலம் நான்கு அங்குலம், ரிம் ஆறு அங்குலம். இந்த அளவில் தள்ளுவண்டிக்கும் டயர் உண்டு, சிறு விமானத்துக்கும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், விலைதான் எட்டாத தூரம். பெங்களூரு நீலசந்திராவில் இருந்துகொண்டு சொந்தமாக விமானம் கட்டும் ஒருவருக்கு, மலிவானதை மாட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்தச் சிக்கனத்துக்கு ஓடுபாதையிலும் விலை கொடுக்க வேண்டும், நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்க வேண்டும்.

சொந்த விமானம் என்பது வெறும் கனவல்ல. பெங்களூருவின் ராஜ் ஹம்சா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் விமானங்கள் உதிரிபாகத் தொகுப்பாகப் பிரிட்டன் வரை போய், வாங்கியவர்கள் கையாலேயே பூட்டப்பட்டுப் பறந்தன. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2017இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் பதிவும் 2019இல் பறக்க அனுமதியும் பெற்றார். இவையில்லாமல் விமானத்தைக் கிளப்பக் கூடாது.

டயரின் பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிளை ரேட்டிங் (டயரின் அடுக்கு வலிமை), தாங்கும் எடை, வேக வரம்பு ஆகியவற்றோடு டிஎஸ்ஓ-சி62 என்ற அமெரிக்கத் தர முத்திரையும் சான்று பெற்ற விமான டயரில் இருக்கும். ஆள், பெட்ரோல், பெட்டி எல்லாம் ஏறிய நிலையில் ஒரு சக்கரத்தின் மேல் விழும் எடையைக் கணக்கிட்டு, அதற்கு மேல் தாங்கும் டயரையே எடுக்க வேண்டும். பெங்களூருவுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். மெல்லிய காற்றில், வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் தரையிறங்கும் உண்மை வேகம் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடும். வெயில் நாளில் இன்னும் கூடும். பிரேக்கும் டயரும் தணிக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. தள்ளுவண்டி டயரை வடிவமைத்தவர் இதையெல்லாம் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்!

நல்ல டயரும் காற்று குறைந்தால் எமன்தான். 1991 ஜூலை 11 அன்று ஜெட்டாவில் ஒரு டிசி-8 விமானம், டயரில் காற்று குறைவு என்று தெரிந்தும் கிளம்பியது. பக்கத்து டயர் கூடுதல் சுமையில் வெடித்து, தீப்பற்றி, விமானத்திலிருந்த 261 பேரும் இறந்தார்கள். சிறு விமானத்துக்கும் அதே இயற்பியல்தான்: காற்று குறைந்த டயர் உருளும்போது நசுங்கி நசுங்கிச் சூடேறும். புது டயருக்குப் புது டியூப் போடுங்கள். மாட்டிய டயர் சற்று விரியும் என்பதால் அரைநாள் கழித்துக் காற்றை மறுபடி பாருங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, எச்சரிக்கை தராத குறை ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஆனால் 87ஆம் பிரிவின்படி, தவறாகப் பயன்படுத்திய அல்லது மாற்றியமைத்த பொருளுக்காக விற்றவர் மேல் வழக்குப் போட முடியாது. தள்ளுவண்டி டயரை விமானத்தில் பூட்டியவர் கடைக்காரரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பைத் தானே இழக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் பறக்கும் வணிக நிறுவனம் பொதுவாக இச்சட்டத்தில் நுகர்வோராகாது.

முறையான டயர் பழுதென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. பில், வரிசை எண் தெரியும்படி எடுத்த படம், காற்றழுத்தக் குறிப்பேடு மூன்றும் கையில் இருக்கட்டும். வெடித்த டயரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம், ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பக் கேட்கலாம்.