பதினைந்து நிமிடமும் ஆறு ஆண்டும்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நான் பாடம் நடத்த வேண்டிய முதல் வகுப்பு காலை 10 மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது. ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலை இயற்பியல் வகுப்பு. 9.50க்கே போய்விட்டேன். அறையில் ஒருவரும் இல்லை. 10.10க்கு மேல்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இரண்டு எழுத்து இருந்தால், கால்மணி நேரம் தள்ளித் தொடங்கும் என்று அர்த்தம். லத்தீன் சொற்களின் சுருக்கம் அது.

பாடம் முடிந்ததும் முப்பது பேரும் விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே பல்கலைக்கழகங்களில் அதுதான் கைதட்டல். மூன்றாவது ஆண்டு ஓடுகிறது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு வழக்கமும் என்னை மாற்றியது. தேர்வு முடிந்த பிறகு, திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவர்களுக்குத் தனியாக ஒரு நாள் உண்டு. மதிப்பெண் கணக்கு நம் ஊருக்குத் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. அரைப் புள்ளிக்காக ஒரு மாணவி என் எதிரில் உட்கார்ந்து இருபது நிமிடம் வாதாடினாள். அவள் பக்கம்தான் நியாயம், திருத்திக் கொடுத்தேன். மதுரையில் படித்த காலத்தில் நான் எந்த ஆசிரியரிடமும் இப்படிக் கேட்டதில்லை. அதை மரியாதை என்று நம்பியிருந்தேன். பயம்தான் அது.

கால்மணி நேரத்தைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும் இதே நாட்டில், ஆராய்ச்சியாளரின் ஆண்டுகளுக்குக் கறாரான கணக்கு உண்டு. 2007இல் வந்த ஒரு சட்டத்தின்படி, தகுதியை வளர்த்துக்கொள்வதற்கான தற்காலிக ஒப்பந்தங்கள் முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு வரைதான். மருத்துவத் துறையில் மட்டும் பட்டத்துக்குப் பின் 9. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு 2 ஆண்டு வரை கூடலாம். அதற்கப்புறம் நிரந்தர இடம் வேண்டும், அல்லது வெளி நிதியில் நடக்கும் திட்டங்களில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆளை முடிவில்லாமல் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் நிரந்தர இடங்களைக் கூட்டாமல் காலத்துக்கு மட்டும் வரம்பு போட்டால், வெளியே போகிறவர் ஆராய்ச்சியாளர்தான். ஹன்னா என்ற கற்பனைப் பெண்ணை வைத்து இந்தச் சட்டத்தை மெச்சிய ஓர் அரசு விளக்கக் காணொளிக்கு 2021இல் ஆயிரக்கணக்கானோர் “நானும் ஹன்னாதான்” என்று தங்கள் கதைகளை எழுதிப் பதில் கொடுத்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் உள்ளூர்க்காரருக்கு வேலை போகும். எனக்கு வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். என் முதல் ஒப்பந்தம் ஓர் ஆண்டு. இப்போதையது 18 மாதம். அதன் கடைசித் தேதிதான் அனுமதி அட்டையிலும் அச்சாகியிருக்கிறது. “அம்மா, என் சிநேகிதியோட அடுத்த பொறந்தநாளுக்கு நாம இங்க இருப்போமா?” என்று மகள் கேட்டபோது, “இருப்போம்டா” என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில ஞாயிறுகளில் நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போவேன். அங்கே மாக்ஸ் போர்னின் கல்லில் அவருடைய குவாண்டம் சமன்பாடு செதுக்கியிருக்கிறது. இந்த ஊரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக 1933இல் நாஜி அரசு அவரை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. கேம்பிரிட்ஜில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1935இல் சர் சி.வி. ராமன் அழைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். நான் வந்த பாதையில் எதிர்த்திசையில் ஒருவர்! நிரந்தர இடம் வாங்கித் தர ராமன் முயன்றார், நடக்கவில்லை. ஆறு மாதத்தில் கிளம்பியவரை 1936இல் எடின்பரோ பல்கலைக்கழகம் பேராசிரியராக்கிக்கொண்டது. 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

ராமனின் முயற்சி பலித்திருந்தால், பெங்களூருவில் எத்தனை பிள்ளைகள் போர்னிடம் பாடம் கேட்டிருப்பார்கள்! அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.