உறையில் வந்த சிடியும் நாலு வரி அறிவிப்பும்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் தபாலில் வந்த காலம் ஒன்று இருந்தது. இணையத்தில் முகவரியைப் பதிந்துவிட்டுச் சில வாரம் பொறுத்தால், அட்டை உறையில் சிடி வீடு தேடி வரும். காசு கிடையாது. ஷிப்இட் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், 2011-இல் நிறுத்திவிட்டார்கள்.

முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது, எண் 4.10. ஆண்டும் மாதமும்தான் அந்த எண். பாதி அறிவிப்பு அதிலேயே முடிந்துவிடும். 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போனதும் 6.04 என்பது 6.06 ஆயிற்று. தாமதத்தை ஒளித்துவைக்க இடமே இல்லை. நீண்டகாலப் பராமரிப்பு உறுதியோடு வந்த முதல் எல்டிஎஸ் அதுதான். பிறகு இரண்டாண்டுக்கு ஒரு எல்டிஎஸ், நடுவில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக மூன்று இடைக்கால வெளியீடுகள் என்று முறை அமைந்தது.

அந்த இடைக்காலப் பதிப்புகளுக்கும் அன்று 18 மாத ஆயுள். ஆல்பா, பீட்டா என்று வழிநெடுக அறிவிப்புகள். 2013-இல் வந்த 13.04 முதல் ஆயுள் 9 மாதமாகச் சுருங்கியது. ஒன்பது மாதம் வாழ்வதற்குத் தடித்த கையேடு எழுதினால், மெய்ப்புப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வாசலில் நிற்கும். 2025-இல் மாதாமாதம் ஸ்னாப்ஷாட் என்ற சோதனைப் பதிப்பு வேறு தொடங்கிவிட்டார்கள்.

வெளியீட்டுக் குறிப்பு எழுதிப் பிழைப்பவன் நான். முதலில் வேலை பார்த்த இடத்தில் புதிய வசதிகளுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குவோம். ‘தெரிந்த சிக்கல்கள்’ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். வாடிக்கையாளர் போன் செய்தால் கேட்பதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்துச் சங்கதியைத்தான். எட்டுப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

சுருக்கமாக எழுதுவது எப்படி என்பதற்கு உபுண்டு 25.10-இல் ஒரு பாடம் இருக்கிறது. அதில் அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ரஸ்ட் மொழியில் எழுதிய புதிய தொகுப்புக்கு மாற்றினார்கள். 2025 அக்டோபரில் பதிப்பு வெளிவந்த சில நாளில், ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கேட்டால் டேட் கட்டளை இப்போதைய நேரத்தைச் சொல்வது தெரியவந்தது. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை பல கணினிகளில் ஓடவே இல்லை. வந்த அறிவிப்பு சில வரிதான்: என்ன நின்றுபோயிற்று, எந்தெந்தக் கணினிகளில், எந்த எண்ணுள்ள தொகுப்பில் சரியாகிறது, கையால் புதுப்பித்தால் பாதிப்பில்லை. நிர்வாகிக்கு அது போதும், வேலையை ஆரம்பித்துவிடலாம்.

நாலு வரி என்பதால் நாலு நிமிட வேலை என்று மேலாளர்கள் நினைக்கிறார்கள். நிரல் மாறும் அன்றே அதற்குரிய ஒரு வரியையும் எழுதிவைத்தால்தான் வெளியீட்டு நாளில் நாலு வரி தேறும். கடைசி நாளில் உட்கார்ந்தால் கிடைப்பது ‘பல பிழைகள் திருத்தப்பட்டன’ என்ற வாசகம். அதை யாருக்காக எழுதுகிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்டிஎஸ்ஸில் இருப்பவருக்கு வழக்கமான அமைப்பில் இடைக்காலப் பதிப்பு வந்த தகவலே போகாது. ஆகவே இடைக்காலப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவர் தானே தேடி வந்தவர். எழுதும் தோழர்களே, பராமரிப்பு எப்போது முடிகிறது என்பதை அவருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 25.10-க்கு அது 2026 ஜூலை.