கடனுக்கு முன் காணி: கண்டக்குழியில் வீட்டுக் கடனுக்குத் தகுதியுடையோர் யார்?

கல்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள கண்டக்குழியில் ஒரு மீனவக் குடும்பம் அரச ஆதரவுடனான வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். வருமானம் எவ்வளவு என்பதே முதற் கேள்வியாக இருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். நடைமுறையில் முதலில் கேட்கப்படுவது காணியின் பத்திரமாகும்.

தனியார் உறுதி உள்ளவருக்குச் சிக்கல் குறைவு. அரச காணியில் குடியிருப்போரின் நிலை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்றவர்கள், அக்காணியை உறுதிக் காணியைப் போல நினைத்தவாறு ஈடு வைக்கவோ விற்கவோ இயலாது. துண்டாடவும் அச்சட்டம் எளிதில் இடந்தராது. பெற்றோரின் வளவில் ஒரு மூலையை ஒதுக்கி மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். அம்மகளும் மருமகனும் இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தாலும் பத்திரம் தந்தையின் பெயரிலேயே இருக்கும். கடனுக்கு அவர்கள் தகுதியற்றவர்களாகி விடுவர். வாரிசுரிமையில் ஆண் மக்களுக்கு முன்னுரிமை வழங்கிய விதியை மாற்ற 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எவ்விதப் பத்திரமுமின்றிக் கரையோரத்தில் குடியிருப்போர் மேலும் ஒரு தடையை எதிர்நோக்குகின்றனர். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம், கடலிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வகுத்துள்ளது. அதனுள் கட்டடம் எழுப்பத் தனி அனுமதி வேண்டும். வலையும் படகும் கரையில் இருக்க, மீனவன் மட்டும் உள்நாட்டில் வீடு தேடுவது எவ்வாறு? உல்லாசப் பயணத் திட்டங்களால் இக்கரையில் காணியின் பெறுமதி ஏறியுள்ள இக்காலத்தில், பத்திரமில்லாக் குடியிருப்பு கடனை மட்டுமன்றி இருப்பிடத்தையே இழக்க நேரிடும்.

காணி சரியானால் அடுத்தது வருமானம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இப்பகுதியில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், தொழில் சுருங்கும். மாதாந்தத் தவணையோ பருவம் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலும் அரச ஊழியர் பிணையும் கேட்கப்படுமிடத்து மீனவர் எதைக் காட்டுவார்?

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1984இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை கிராமியக் குடும்பங்களுக்கு 7,500 ரூபா வரை சிறு கடன் வழங்கியது. சனச எனப்படும் சிக்கன, கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகவும் அக்கடன் சென்றது. சக அங்கத்தவரே பிணை நிற்பது அச்சங்கங்களின் மரபு. ஊராரை ஊரார் அறிவர். எப்போது மீன்படும், எப்போது படாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இப்பொறுப்பை வழங்கலாம் என்பது எமது கருத்து.

புத்தளம் மாவட்டம் கண்ட மற்றோர் அனுபவமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அவர்களுக்காக 2007இல் உலக வங்கி 3 கோடி 20 இலட்சம் டொலர் வீடமைப்புத் திட்டமொன்றை அங்கீகரித்தது. அது கடனன்று; தவணைகளாக வழங்கப்பட்ட உதவித் தொகை. ஆயினும் அங்கும் காணி உரிமையே வாசற்படியாக இருந்தது.

அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் உத்தரவாதமளிக்கும் கிராமிய வீட்டுக் கடனில், வீடு அமையும் இடம் கிராமியப் பகுதியா, குடும்ப வருமானம் அப்பகுதியின் நடுத்தர வருமானத்தில் 115 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்பன பிரதான கேள்விகள். முற்பணம் கட்டாயமில்லை. அங்கே காணி உறுதி பெரும்பாலும் தீர்ந்துபோன விடயம். இங்கே அதுவே தீராத விடயம்.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்கு, 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியற்ற நிதியளிப்புக்கு வழிதிறந்தது. 2011இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக உரிமை கொண்டு, வங்கியின் பங்கைப் படிப்படியாக வாங்கிக்கொள்ளும் முறைக்கும் தெளிவான உறுதியே அடிப்படை.

ஆகவே விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழுடன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று, தமது காணி எந்த வகையைச் சார்ந்தது, யார் பெயரில் உள்ளது, பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா என்பதை அறிந்துகொள்வது அவசியம். பெயர் மாற்றம் தேவையெனில், கடனுக்கு முன்னரே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.