யானை மூச்சும் நம் மூச்சும்

செஞ்சிக் கோட்டைக்குப் போன மாணவர்கள் அங்குள்ள ஆனைக்குளத்தைப் பார்த்திருப்பீர்கள். யானை ஆழமான நீரில் இறங்கினால் உடல் முழுவதும் மூழ்கியிருக்க, துதிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும். அப்போது அதன் நுரையீரல் நீர்மட்டத்திற்குச் சுமார் 2 மீட்டர் கீழே இருக்கும். கிணற்றில் பப்பாளிக் காம்பை வாயில் வைத்து இதே வித்தையை முயன்றவர்கள் உங்களிலும் இருக்கலாம். யானையால் முடிவது நம்மால் ஏன் முடிவதில்லை?

ஒரு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் நீர் 100 கிராம் அளவுக்கு அழுத்துகிறது. உங்கள் மார்பின் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிலோ. ஒரு நெல் மூட்டையை விட அதிகம்! குழாய் வழியே வரும் காற்றோ மேலேயுள்ள சாதாரண அழுத்தத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுமையைத் தள்ளி மார்பை விரிக்க நம் தசைகளுக்கு வலுவில்லை. நம் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகளும் இவ்வளவு அழுத்த வேறுபாட்டைத் தாங்கா. யானைக்கு அந்த இடைவெளியே இல்லை; உறுதியான இணைப்புத் திசு அதை நிரப்பியிருக்கிறது. காரணத்தை ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் 2001-இல் விளக்கினார்.

ஆகவேதான், அந்தமான் போன்ற இடங்களில் பவளப் பாறைகளைப் பார்க்கக் கொடுக்கும் ஸ்நார்கெல் குழாய் ஏறக்குறைய ஒரு முழ நீளமே இருக்கிறது. முகம் கவிழ்த்து மிதப்பதற்கு மட்டுமே அது உதவும். குழாயை நீட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு: வெளிவிட்ட கரியமில வாயு குழாயிலேயே தங்கி மறுபடியும் உள்ளே போகும்.

குட்டைக் குழாயிலும் மூச்சிழுக்கச் சற்றுக் கூடுதல் முயற்சி தேவை. ஆஸ்துமா உள்ளவருக்கு இது முக்கியம். குழாயில் நுழையும் உப்புநீர்த் துளிகளே இளைப்பைத் தூண்டிவிடலாம். உறிஞ்சும் மருந்தோ கரையில் பையில் கிடக்கும்! இதய நோயாளியின் நிலை வேறு. கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேல் இரத்தம் மார்புக்கு ஏறுகிறது. (குளத்தில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவது இதனால்தான்.) நலமான இதயம் அதைச் சமாளிக்கும், பழுதுற்ற இதயம் திணறும். செவிப்பறையில் துளை இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.

வலிப்பு நோயைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். தரையில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். முகம் நீரில் கவிழ்ந்திருக்கும்போது அந்தச் சில நிமிடங்களே உயிரைக் குடித்துவிடும். நண்பர்கள் கேலி செய்வார்களே என்று இதை மறைக்காதீர்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் படகிலேயே இருந்துவிடுங்கள்.

கால் ஊனமோ முற்றிலும் வேறு கதை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஒருவருக்கு ராஜகிரியின் படிகள் பெரும் சோதனை. ஆனால் கழுத்தளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் கால்கள் தாங்க வேண்டும்; மற்றதை நீர் சுமக்கிறது. 1965 போரில் குண்டடிபட்ட இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார்.

கால் வலுவில்லாதவர் மிதவை உடுப்பு அணிந்து, கைக்கெட்டும் தொலைவில் நீச்சல் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு இறங்கலாம். முதலில் அலையற்ற, இடுப்பளவு நீரில் பழகுவது நல்லது. யாருக்கானாலும் மூச்சுத் திணறத் தொடங்கினால், இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று காத்திருக்கக் கூடாது. குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.