மடிக்கணினியில் திடநிலைச் சேமிப்பகம்

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், மூணாறு முதலிய பகுதிகளில் தமிழ்வழிக் கல்வி அளிக்கும் பள்ளிகள் உள்ளன. கைட் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ், மாநிலமெங்கும் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கத் திட்டமிடப்பட்டது. இத்தகைய கருவிகளுக்கு வயது ஏறுங்கால், அவற்றைக் கழித்துவிடுவதா, செப்பனிட்டு உபயோகிப்பதா என்னும் வினா எழுகின்றது. விலையுயர்ந்த கணினிகளில் முதலில் தோன்றும் வசதிகள் எளிய கணினிகளை வந்தடையும் வகையை அறிந்தால் விடை காண்பது எளிதாகும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் இதற்குத் தக்க உதாரணமாகும். பழைய ஹார்டு டிஸ்க்கில், சுழலும் காந்தத் தட்டின்மீது படிப்புமுனை இடம்விட்டு இடம் நகர வேண்டியிருப்பதால் தாமதம் நேருகின்றது. திடநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. தகவல்கள் நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகத் தங்குகின்றன. ஆகவே வேகம் மிகுதி. அதிர்ச்சியால் ஏற்படும் சேதம் குறைவு. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர், ஹார்டு டிஸ்க்குடன் 1,799 டாலருக்கு விற்கப்பட்டது; வேகமான செயலியும் 64 ஜிபி திடநிலைச் சேமிப்பகமும் கொண்ட மாதிரியின் விலையோ 3,098 டாலர்.

பின்னர் விலை இறங்கியதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஓர் அறையில் ஒரு பிட் மட்டுமே பதித்த நிலை மாறி, இரண்டு, மூன்று, நான்கு பிட்டுகள் பதிக்கப்படலாயின. இரண்டாவது, அறைகளை மாடிகளைப்போல் அடுக்கும் முறை. 2013-இல் சாம்சங் நிறுவனம் 24 அடுக்குகளுடன் உற்பத்தியைத் தொடங்கியது. மூன்றாவது, கைபேசிகளுக்கும் இதே வகைச் சில்லுகள் தேவைப்பட்டமையால் உற்பத்தி பெருகி, ஆலைச் செலவு பல கோடிக் கருவிகளின்மீது பங்கிடப்பட்டது.

எனினும், பெயர் ஒன்றாயினும் தரம் ஒன்றன்று. அறையொன்றில் பிட்டுகள் மிகுமளவிற்கு, அழித்தெழுதத் தாங்கும் தடவைகள் குறையும். மலிவான சில கணினிகளில் சேமிப்பகம் மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றுதல் எளிதன்று. வாங்குமுன் இதனை விசாரித்தல் வேண்டும்.

சாட்டா இணைப்புடைய 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் கொண்ட பழைய கணினியில், அதே அளவுள்ள திடநிலைச் சேமிப்பகம் பெரும்பாலும் பொருந்தும். உரிய அனுமதி பெற்று, தகவல்களைப் பிரதி எடுத்தபின் மாற்றினால், கணினி விரைவில் இயங்கத் தொடங்கும். வகுப்பு நேரமும் மிச்சமாகும். ஆனால் ரேம் போதாமையையோ பேட்டரியின் தளர்ச்சியையோ இம்மாற்றம் நீக்காது. எக்குறையால் கணினி தாமதிக்கின்றது என்பதை முதலில் கண்டறிவதே சிக்கனத்திற்கு வழியாகும்.